மூன்றாம் வகுப்புக்குக் கூரை வந்த கதை

ரயில் பெட்டிக்குக் கூரை இருப்பதை நாம் யாரும் பெரிதாக நினைப்பதில்லை. இங்கிலாந்தின் உழைப்பாளிகளுக்கு அது எளிதில் கிடைத்துவிடவில்லை.

1837-ல் விக்டோரியா பட்டத்துக்கு வந்தபோது, அவர்களுக்குத் தொலைதூரப் பயணம் என்றால் பெரும்பாலும் நடைதான். குதிரைக் கோச்சின் உச்சியில், மழையில் நனைந்தபடி உட்காரவே மைலுக்கு 2, 3 பென்ஸ் ஆகும். சரக்கு வண்டியில் செலவு குறைவு. வேகமோ மணிக்கு 2, 3 மைல்தான்.

பிறகு ரயில் வந்தது. ஏழைகளுக்குக் கூரையில்லாத பெட்டிதான். பல தடங்களில் அதையும் சரக்கு ரயிலில்தான் கோத்தார்கள்.

1841 டிசம்பர் 24 விடியற்காலை, லண்டனிலிருந்து பிரிஸ்டல் சென்ற அப்படியொரு ரயில், ரெடிங் அருகே சோனிங்கில் தண்டவாளத்தில் சரிந்து கிடந்த மண்ணில் மோதியது. பயணிகள் பெட்டிகள் எஞ்சினுக்கும் சரக்குப் பெட்டிகளுக்கும் நடுவே நசுங்கின. 9 பேர் இறந்தார்கள். பயணிகளில் பலர் லண்டனில் புதிய நாடாளுமன்றத்தைக் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள். கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்பியவர்கள்.

1844-ல் அதே நாடாளுமன்றம் சட்டம் போட்டது. புதிய ரயில்பாதைகளில் தினமும் இரு திசையிலும் ஒரு ரயிலாவது எல்லா நிலையங்களிலும் நின்று போகவேண்டும். வேகம் மணிக்கு 12 மைலுக்குக் குறையக்கூடாது. கட்டணம் மைலுக்கு 1 பென்னிக்கு மிகக்கூடாது. இருக்கையும் மழைக்குப் பாதுகாப்பும் கட்டாயம்.

அந்தக் கட்டணத்திலும் பிரிஸ்டல் போக ஏறக்குறைய 10 ஷில்லிங். பண்ணைக் கூலியாளுக்கு அது ஒரு வாரச் சம்பளம். ஆனாலும் குறைந்த கட்டணம் கொடுப்பவரும் நனையாமல் உட்கார்ந்து போகலாம் என்பது சட்டமானது. அதற்கு முன் 9 உயிர்கள் போகவேண்டியிருந்தது.