வீராங்கனையிலிருந்து தலைமைப் பயிற்சியாளர்: லாரிசா லத்தினினா

லாரிசா லத்தினினா 1934 டிசம்பர் 27 அன்று உக்ரைனின் ஹெர்சோன் நகரில் பிறந்தார். தந்தை ஸ்டாலின்கிராட் போரில் இறந்துவிட, தாய் பகலில் துப்புரவு வேலையும் இரவில் காவல் வேலையும் பார்த்து மகளை வளர்த்தார். சிறுமி முதலில் கற்றது பாலே நடனம். நடன ஆசிரியர் ஊரை விட்டுப் போனபின்தான் ஜிம்னாஸ்டிக்ஸுக்கு வந்தார். பாலே தந்த நளினம் கடைசிவரை அவர் ஆட்டத்தில் தங்கியது. இசையோடு செய்யும் தரைப் பயிற்சியில் 1956, 1960, 1964 என மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் அவருக்கே; 1956இல் மட்டும் அதை ஹங்கேரியின் ஆக்னஸ் கெலட்டியோடு பகிர்ந்துகொண்டார். அந்த மூன்று போட்டிகளிலும் அவர் குவித்த பதக்கங்கள் 18, அவற்றில் தங்கம் 9. 1958இல் மாஸ்கோவில் நடந்த உலகப் போட்டியில் வயிற்றில் குழந்தையோடு களமிறங்கி 5 தங்கம் வென்றார்.

1966இல் விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்றவர், மறு ஆண்டே சோவியத் மகளிர் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அங்கே ஒவ்வொரு வீராங்கனைக்கும் சொந்த ஊரில் தனிப் பயிற்சியாளர் இருந்தார். லுட்மிலா துரிஷ்சேவா குரோஸ்னியில் ரஸ்தரோத்ஸ்கியிடமும், ஓல்கா கோர்புட் குரோத்னோவில் க்னிஷிடமும் வளர்ந்தவர்கள். இப்படி வெவ்வேறு கைகளில் உருவானவர்களை ஓர் அணியாக இணைப்பதே லத்தினினாவின் வேலை. அன்றைய விதிப்படி அணியில் 6 பேர். ஒவ்வொரு கருவியிலும் சிறந்த 5 மதிப்பெண்களே கணக்கில் சேர்ந்தன. ஒருத்தி தவறி விழுந்தால் சமாளிக்க முடிந்தது. இருவர் விழுந்தால் தங்கம் கைநழுவும் அபாயம் இருந்தது.

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் தனிநபர் பட்டம் செக்கோஸ்லோவாகியாவின் வேரா சாஸ்லாவ்ஸ்காவுக்குப் போனாலும் அணித் தங்கம் சோவியத்துக்கே வந்தது. 1972இல் மியூனிக்கில் துரிஷ்சேவா தனிநபர் பட்டம் வென்றார். அதே அரங்கில் 10 சென்டிமீட்டர் அகலமே உள்ள பேலன்ஸ் பீம் மீது கோர்புட் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டு அதன்மேலேயே காலூன்றினார். பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் நடனத்திலிருந்து சாகசத்துக்கு நகர்ந்துகொண்டிருந்த காலம் அது. லத்தினினா 29 வயதிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர்; இப்போதோ பதின்ம வயதுச் சிறுமிகள் மேலே வரத் தொடங்கியிருந்தார்கள்.

1976இல் மாண்ட்ரியாலில் 14 வயது நாடியா கொமனேச்சி ஏழு முறை முழு 10 மதிப்பெண் பெற்று ருமேனியாவுக்குத் தனிநபர் பட்டத்தைக் கொண்டுபோனார். சோவியத் அணி தங்கம் வென்றிருந்தும், லத்தினினா நளினத்தையே பிடித்துக்கொண்டு கடினமான வித்தைகளைப் பின்தள்ளிவிட்டார் என்று விளையாட்டு அதிகாரிகள் குறை கூறினார்கள். இது நியாயமற்ற பழி. கோர்புட்டின் சாகசங்கள் அவர் பொறுப்பிலிருந்த அணியில்தான் அரங்கேறின. மாண்ட்ரியாலிலேயே அவர் அணியின் நெல்லி கிம் வால்ட்டிலும் தரைப் பயிற்சியிலும் முழு 10 பெற்றிருந்தார். ஆனாலும் 1977இல் லத்தினினா பொறுப்பிலிருந்து விலகினார்.

பின்னர் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கின் ஜிம்னாஸ்டிக்ஸ் ஏற்பாடுகளைக் கவனித்தார். அங்கும் சோவியத் மகளிரே அணித் தங்கம் வென்றனர். 1952 முதல் அது அவர்களுக்குத் தொடர்ந்து எட்டாவது. அந்த எட்டில் மூன்றை லத்தினினா வீராங்கனையாகவும், மூன்றைப் பயிற்சியாளராகவும் வென்றிருந்தார்.