பரணில் கிடக்கும் பழைய டிவி கேம்: காசாகுமா, உயிர் வருமா? தூக்கிப் போடும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

காண்ட்ரா, மரியோ, டேங்க் கேம், வாத்து சுடுற கேம். இந்தப் பெயர்களைக் கேட்டதும் முகம் மலர்ந்தால் நீங்கள் 90ஸ் கிட் என்பதில் சந்தேகமே வேண்டாம். மஞ்சள் கேசட், வயர் நீண்ட ரிமோட், டிவிக்குப் பின்னால் சொருகும் பின். அந்த செட் இப்போதும் பல வீடுகளில் பரண் மேல்தான் தூங்குது.

உலகம் முழுக்க பழைய வீடியோ கேம்களைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு கேசட் கோடிக்கணக்கில் ஏலம் போனது என்ற செய்தியும் அடிக்கடி கண்ணில் படுது. அப்போ நம்ம வீட்டுப் பெட்டிக்கு என்ன மதிப்பு? மறுபடி ஓடுமா? பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடலாமா?

தாமிரபரணிக் கரையில் இந்தக் கேள்விக்கு ஓர் அவசரமும் இருக்கு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. நெல்லை சந்திப்பு, வண்ணாரப்பேட்டை முதல் ஸ்ரீவைகுண்டம், ஏரல் வரை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. சேறு படிந்து வெளியே வந்த பொருட்களில் பழைய எலக்ட்ரானிக்ஸும் பத்திரிகைகளும் உண்டு. எதைக் காப்பாற்றலாம், எதை விடலாம் என்று தெரிந்துகொள்வது இனி வரும் மழைக்கும் உதவும்.

விரிவாகப் பார்க்கலாம்.

நம்ம ஊரில் விளையாடியது எந்த கம்பெனி மெஷின்?

பெரும்பாலும் எல்லாமே ஒரே ஜப்பானியக் கருவியின் பிள்ளைகள். நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் ஜப்பானில் 'ஃபேமிகாம்' என்ற கருவியை வெளியிட்டது. அதையே 1985இல் உருவத்தை மாற்றி, 'என்இஎஸ்' என்ற பெயரில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. இந்தியாவில் அது 'சாமுராய்' என்ற பெயரில் வந்தது. ஆனால் நடுத்தரக் குடும்பங்களுக்கு அதிகம் போய்ச் சேர்ந்தது, அதைப் பார்த்துச் செய்த மலிவு நகல்கள்தான். மீடியா நிறுவனத்தின் 'லிட்டில் மாஸ்டர்' அதில் பிரபலம். தைவானின் 'மைக்ரோ ஜீனியஸ்', ரஷ்யாவில் 1992இல் வந்த 'டென்டி' எல்லாம் இதே வகை. இவற்றை உலகம் இப்போது 'ஃபேமிக்ளோன்' என்று அழைக்கிறது.

ஏன் நகல்? விலைதான் காரணம். 1995இல் செகா நிறுவனத்தின் மெகா டிரைவ் கருவி ஷா வாலஸ் நிறுவனம் மூலம் இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை சுமார் 18,000 ரூபாய். அப்போது இறக்குமதி வரியே 80 சதவீதம். அந்தக் காலத்தில் இந்தத் தொகை எத்தனை மாதச் சம்பளம் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்க, புரியும். அதனால்தான் சென்னை பர்மா பஜார் மாதிரியான சந்தைகள் வழியாகவும், வளைகுடாவில் இருந்து விடுமுறைக்கு வந்தவர்களின் பெட்டிகளிலும் மலிவான செட்கள் ஊர் ஊராகப் பரவின. வீட்டில் இல்லாத பிள்ளைகள் கடையில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து விளையாடினார்கள்.

'9999 இன் 1' கேசட்டில் உண்மையிலேயே அத்தனை கேம் இருந்ததா?

இல்லை. பெரும்பாலும் சில கேம்கள்தான் உள்ளே இருக்கும். அதே கேம் வேறு பெயரில், அல்லது மூன்றாவது லெவலில் இருந்து தொடங்கும்படி மாற்றப்பட்டு, பட்டியலில் திரும்பத் திரும்ப வரும். பத்தாவது பக்கம் வரை தேடி ஏமாந்தவர்கள் மனசைத் தேத்திக்கலாம். நீங்க மட்டும் இல்லை.

ஆனாலும் அந்தச் சின்ன சிப்பில் இருந்த திறமை சாதாரணமானது இல்லை. 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் மொத்தமே சுமார் 40 கேபி. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட் மார்னிங் படம் அதைவிடப் பெரிது. ஃபேமிகாம் கருவியின் வேலை நினைவகம் வெறும் 2 கேபி. அதற்குள்தான் ஓடுற மரியோவும் ஆமையும் நாணயமும் எல்லாம்.

லட்சக்கணக்கில் விலை போகுமா?

நேரடியாகச் சொன்னால், வாய்ப்பு மிகக் குறைவு. 2021 ஆகஸ்டில் சூப்பர் மரியோ பிரதர்ஸ் ஒரு பிரதி 20 லட்சம் டாலருக்கு விற்றது உண்மை. அதற்கு ஒரு மாதம் முன்பு சூப்பர் மரியோ 64 பிரதி ஒன்று 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனதும் உண்மை. ஆனால் இரண்டுமே நிண்டெண்டோவின் அசல் தயாரிப்பு. கடையில் வாங்கிய உறைகூடப் பிரிக்காதவை. நம்ம வீட்டு மஞ்சள் கேசட் பெரும்பாலும் அனுமதியில்லாத நகல். அதுவும் நல்லாப் பிரித்து மேய்ந்தது.

அதனால் "பழைய கேசட் இருக்கா? லட்சம் தர்றோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்க" என்று யாராவது மெசேஜ் அனுப்பினால் உஷார். வாங்குபவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார். இது பழைய நாணய மோசடியின் அதே கதைதான்.

அரசு கொடுத்த இலவச டிவிக்கு இங்கே என்ன வேலை?

வாத்து சுடுற கேமுக்கு அதுதான் தேவை. தமிழக அரசு 2006இல் தொடங்கிய திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 இன்ச் கலர் டிவி கிடைத்தது. அது பிக்சர் ட்யூப் வைத்த டப்பா டிவி. பழைய கேம் பிரியர்கள் வெளிநாடுகளில் தேடி அலையும் பொருளும் இதே வகை டிவிதான்.

காரணம் இதுதான். துப்பாக்கியின் விசையை அழுத்தியதும் திரை கண்ணிமைக்கும் நேரம் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் ஒளி உணரி அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் 'சுட்டாச்சு', பார்க்காவிட்டால் 'தப்பிச்சுது'. துப்பாக்கியில் இருந்து எதுவும் வெளியே போவதில்லை. அது வெளிச்சத்தை வாங்க மட்டுமே செய்யும். பிக்சர் ட்யூப் டிவி படத்தை அந்தக் கணமே வரி வரியாக வரையும். எல்இடி டிவி படத்தை வாங்கி, சரிசெய்து, சற்றுத் தாமதமாகக் காட்டும். அந்தத் தாமதத்தில் கணக்கு தவறிவிடும். அதனால்தான் புது டிவியில் எத்தனை முறை சுட்டாலும் வாத்து சாகாது.

ஒரு எச்சரிக்கை: டப்பா டிவியை நீங்களே திறக்காதீங்க. உள்ளே பல ஆயிரம் வோல்ட் உருவாகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தேங்கி இருக்கலாம். பழகிய டிவி மெக்கானிக்கிடம் கொடுப்பதே பாதுகாப்பு.

கேசட்டை ஊதினால் வேலை செய்யுமா?

எல்லோரும் செய்த வேலை இது. ஆனால் நிண்டெண்டோவே வேண்டாம் என்று சொன்னது. ஊதும்போது எச்சில் ஈரம் உலோக முனைகளில் பட்டு நாளடைவில் அரிக்கும். அப்போ ஏன் ஓடியது? கேசட்டைக் கழற்றி மறுபடி சொருகியதில் முனைகள் சரியாகப் பொருந்தியதுதான் பெரும்பாலும் காரணம்.

சரியான வழி இது:

• செல்போன் சர்வீஸ் கடைகளில் போர்டு துடைக்கப் பயன்படுத்தும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சில் தொட்டு, கேசட்டின் முனைகளை மெதுவாகத் துடையுங்க. முழுக்கக் காய்ந்த பிறகே சொருகணும்.

• அடாப்டரைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டாதீங்க. ஜப்பான் ஃபேமிகாமுக்கு 10 வோல்ட் டிசி, அதுவும் நடு முனை மைனஸ். அமெரிக்க என்இஎஸ் கருவிக்கு 9 வோல்ட் ஏசி. நகல் கருவிகளில் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. கருவியின் அடியில் எழுதியிருப்பதைப் படித்து அதற்கேற்ற அடாப்டர் போடுங்க.

• மஞ்சள் பின் படத்துக்கு, வெள்ளை அல்லது சிவப்பு ஒலிக்கு. அந்தப் பின் இல்லாத செட் என்றால் ஆன்டெனா வயர் வழியாக ஒரு சேனலில் தேடிப் பிடிக்க வேண்டும்.

• கேசட் சொருகவே இல்லையா? ஃபேமிகாம் வகைக்கு 60 பின், அமெரிக்க வகைக்கு 72 பின். அழுத்தித் திணிக்காதீங்க.

• நகல் கருவியைத் திறந்தால் நடுவில் கறுப்பு மெழுகு மாதிரி ஒரு பொட்டு தெரியும். மொத்த மூளையும் அதற்குள்தான். அது போனால் ரிப்பேர் இல்லை. மற்றபடி வயர், சுவிட்ச், உப்பிய கெப்பாசிட்டர் என்றால் மாற்றிவிடலாம்.

வெள்ளத்தில் நனைந்திருந்தால்?

முதல் விதி: 'ஓடுதா பார்ப்போம்' என்று ஆன் செய்யாதீங்க. ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால்தான் போர்டு நிரந்தரமாகக் கெடும். ஸ்க்ரூவைக் கழற்றி, பேட்டரி இருந்தால் எடுத்துவிட்டு, சேற்றைச் சுத்தமான தண்ணீரில் அலசி, பிறகு ஆல்கஹாலால் துடைத்து, நிழலில் ஃபேன் காற்றில் பல நாள் காய விடணும். டிவி நனைந்திருந்தால் கையே வைக்க வேண்டாம், மெக்கானிக்தான்.

பழைய கேம் பத்திரிகைகளையும் வைத்திருக்கணுமா?

கட்டாயம். சொல்லப்போனால் கருவியைவிட இதுதான் அரிது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்ததே 1995 ஆகஸ்டில்தான். அதற்கு முன் சீட் கோடு எல்லாம் வாய்வழியாகவோ அச்சிலோதான் வரும். காண்ட்ராவில் 30 உயிர் தரும் அந்த 'மேலே மேலே கீழே கீழே' வித்தையை நெல்லையில் உங்களுக்குச் சொன்ன அண்ணன் யாரிடம் கேட்டிருப்பார்? கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹாஷிமோட்டோ 1986இல் 'கிரேடியஸ்' கேமுக்காக வைத்த கோடு அது.

அமெரிக்காவில் 'நிண்டெண்டோ பவர்' 1988 முதல் 2012 வரை வந்தது. இந்தியாவில் 'டிஜிட்' இதழுடன் 'ஸ்கோர்' என்ற கேம் இணைப்பும், டெமோ கேம்கள் நிறைந்த சிடியும் வந்தன. இவற்றில் இருக்கும் விளம்பரங்கள்தான் அன்றைய விலை என்ன, எந்தக் கடையில் என்ன கிடைத்தது என்பதற்குச் சாட்சி.

நனைந்த இதழ் என்றால் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். வழவழ தாள் அப்படியே காய்ந்தால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. உடனே காய வைக்க முடியாவிட்டால் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃப்ரீசரில் வையுங்க. உறைந்தால் பூஞ்சை வளராது. நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்து, பக்கங்களுக்கு இடையே வெள்ளைத் தாள் வைத்து நிழலில் காயப்போடலாம். நூலகங்கள் கையாளும் முறை இது.

செல்போனில் பழைய கேம் விளையாடினால் சட்டப்படி தப்பா?

பழைய கருவி மாதிரி நடிக்கும் செயலிக்கு 'எமுலேட்டர்' என்று பெயர். ஆப்பிள் நிறுவனம்கூட 2024 ஏப்ரலில் இத்தகைய செயலிகளைத் தன் ஆப் ஸ்டோரில் அனுமதித்தது. சிக்கல் செயலியில் இல்லை, அதில் ஓட்டும் கேம் ஃபைலில் இருக்கிறது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி கணினி நிரலுக்கும் இலக்கியப் படைப்புக்குரிய பாதுகாப்பு உண்டு. 80களில் வந்த கேம்களுக்கு அந்தக் காலம் இன்னும் முடியவில்லை. சட்டப்படி வைத்திருக்கும் பிரதியில் இருந்து பாதுகாப்புக்காக ஒரு நகல் எடுக்க 52ஆவது பிரிவு இடம் தருது. ஆனால் யாரோ ஏற்றிய ஃபைலை இறக்குவது அதில் அடங்காது. அனுமதியோடு விளையாட விரும்பினால், நிண்டெண்டோ 2018 செப்டம்பர் முதல் தன் ஸ்விட்ச் கருவியில் சந்தா முறையில் பழைய கேம்களைத் தருது.

அங்கேயும் எல்லாம் கிடைக்காது. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அங்கு வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இப்போது விற்பனையிலேயே இல்லை. பெரிய நிறுவனங்களின் அசல் கேம்களுக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாத நகல் கருவிகளின் வரலாற்றை யார் எழுதுவார்?

அப்போ நாம என்ன செய்யலாம்?

இதற்குப் பாடம் பக்கத்திலேயே இருக்கு. ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜாகோர் எடுத்த பொருட்கள் பெர்லினுக்குப் போய்விட்டன. 1899இல் தொடங்கி அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது எழுதி வைத்த பட்டியல்தான் பின்னால் வந்தவர்களுக்கு வழிகாட்டியது. எங்கே கிடைத்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால் முதுமக்கள் தாழியும் வெறும் பானைதான்.

டிவி கேமுக்கும் அதே கணக்கு. விலைக்குப் போகாது, சரி. ஆனால் தாமிரபரணிக் கரையில் ஒரு தலைமுறை எதை விளையாடி வளர்ந்தது என்பதற்கு இந்தப் பெட்டிகளைத் தவிரச் சான்று அதிகம் இல்லை. எனவே பரணில் இருந்து இறக்கியதும் கருவி, கேசட், பெட்டி, பில் எல்லாவற்றையும் தெளிவாகப் படம் எடுங்க. எந்த ஆண்டு, எந்த ஊரில், என்ன விலைக்கு, யார் வாங்கித் தந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே வையுங்க. அம்மா அப்பாவிடம் இப்போதே கேட்டுடுங்க. பிறகு காற்றுப் புகாத டப்பாவில், தரையில் இல்லாமல் உயரத்தில் வைத்துவிடலாம்.

முழுக்க உயிர் போன கருவி என்றால் குப்பையில் வீசவோ எரிக்கவோ வேண்டாம். பிக்சர் ட்யூப் கண்ணாடியில் ஈயம் இருக்கு. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம்தான் அது போய்ச் சேர வேண்டும். கொடுக்கும் முன் ஒரு போட்டோ எடுத்துக்க மறக்காதீங்க.