சன்யாரல் கரையில் செம்பும் கடற்பாசியும்

சிலியின் வடபகுதியில், அட்டகாமா பாலைவனம் கடலைத் தொடும் இடத்தில் சன்யாரல் என்றொரு சிறு துறைமுக ஊர் இருக்கிறது. 1938இல் மலையிலிருந்த பொத்ரெரில்லோஸ் செம்புச் சுரங்கத்தின் கழிவுச் சேற்றைச் சலாடோ ஆற்றில் திறந்துவிட்டார்கள்; அது நேரே இவ்வூர் விரிகுடாவில் வந்து விழுந்தது. பின்னாளில் எல் சால்வடோர் சுரங்கமும் அதே வழியைப் பிடித்துக்கொண்டது. 1971இல் செம்புத் தொழில் நாட்டுடைமையானது. முதலாளி மாறினாரே தவிர, கழிவு போகும் பாதை மாறவில்லை. விரிகுடா தூர்ந்து, கரை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கடலுக்குள் நகர்ந்த பிறகு, 1975 வாக்கில் கழிவை வடக்கே பலிட்டோ என்ற சிறு குடாவுக்குத் திருப்பினார்கள். ஊர்மக்கள் தொடுத்த வழக்கில் 1988இல் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது; 1990 வாக்கில்தான் கொட்டுவது நின்றது. அதற்குள் 30 கோடி டன்னுக்கு மேல் கழிவு கடலில் சேர்ந்துவிட்டது.

அந்தக் கடற்கரைப் பாறைகளில் லெசோனியா என்ற பெரிய பழுப்புப் பாசி அடர்ந்து வளர்வது வழக்கம். சன்யாரலைச் சுற்றி அது அற்றுப்போனது. மிஞ்சியது பெரும்பாலும் என்டெரோமார்பா என்ற பச்சைப் பாசி. அதை மேய வேண்டிய நத்தை வகைகளும் செத்துவிட்டதால் அது தடையின்றிப் படர்ந்தது; தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் கரை பசுமையாகக்கூடத் தெரிந்திருக்கும். கடற்பாசி உலோகத்தைத் தாங்கும், ஏன், உறிஞ்சித் தண்ணீரைச் சுத்தமும் செய்யும் என்று வாதிடுவோர் உண்டு. பழுப்புப் பாசியின் ஆல்ஜினிக் அமிலம் உலோகத்தைப் பிடித்துவைப்பது உண்மைதான். ஆனால் அந்த வாதம் வளர்ந்த பாசியை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. லெசோனியாவின் வித்து கண்ணுக்குத் தெரியாத அளவில் நீந்திப் பாறையில் ஒட்டி, நுண்ணிய ஆண், பெண் செடிகளாகி, அவை கூடிய பிறகே பெரிய பாசி பிறக்கிறது. செம்பு தாக்குவது முக்கியமாக இந்தக் கட்டத்தை. கிழப் பாசி நின்றுகொண்டிருக்கும்போதே வாரிசு அற்றுப்போகும். செம்பு யாரும் அறியாத நஞ்சும் அல்ல: 1761இலேயே பிரிட்டிஷ் கடற்படை ‘அலார்ம்’ கப்பலின் அடியில் செம்புத் தகடு அடித்துப் பார்த்தது, மரத்தைப் புழு துளைக்காது, பாசியும் பெரிதாகப் பிடிக்காது என்பது தெரிந்தது.

கொட்டுவதை நிறுத்திய பிறகும் பாசி ஏன் உடனே திரும்பவில்லை? புதிதாக உருவான கடற்கரையே சுரங்கக் கழிவுதான். அலை அடிக்கும்போதெல்லாம் அதிலிருந்து செம்பு கசிகிறது. லெசோனியாவின் வித்தும் தொலைதூரம் போவதில்லை.

இத்தோடு, கரியமில வாயு கரைந்து கடல் அமிலமாவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் 8.2 அளவில் இருந்த கடல் மேற்பரப்பின் பி.எச். இன்று 8.1க்கு அருகில் இருக்கிறது. கரியமில வாயு பாசிக்கு உணவாயிற்றே, அது பெருகினால் நல்லதுதானே என்பது வலுவான மறுப்பு. சில இனங்களுக்கு அது பொருந்தும். ஆனால் பல பாசிகள் நீரிலுள்ள பைகார்பனேட்டையே எடுத்துக்கொள்ளப் பழகியவை, அவற்றுக்குக் கிடைக்கும் லாபம் சொற்பம். சுண்ணாம்பு ஓடு கட்டும் பவளப் பாசிகளுக்கோ நேரடி நட்டம்; இத்தாலியின் இஸ்கியா தீவருகே கடலடியில் கரியமில வாயு குமிழியிடும் இடங்களில் அவை மறைவதை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. செம்பின் விஷயம் இன்னும் நுட்பமானது. கடல்நீரிலுள்ள கார்பனேட் செம்பின் ஒரு பகுதியைக் கட்டிப்போடுகிறது. அமிலத்தன்மை கூடக் கூடக் கார்பனேட் குறைந்து, பாசியைத் தாக்கவல்ல தனிச் செம்பின் பங்கு ஏறுகிறது. இந்தக் கரையோரம் ஓடும், ஆழத்து நீர் மேலெழும் ஹம்போல்ட் நீரோட்டத்தில் பி.எச். இயல்பாகவே குறையும், அங்குள்ள பாசிகள் அதற்குப் பழகியவை என்றும் சொல்லலாம். பழகியவைதான், செம்பில்லாத நீரில். சன்யாரலின் பாசியை அழித்தது செம்பு. அந்தப் பழியை அமிலத்தின் மேல் போட முடியாது. ஆனால் அந்தக் கடற்கரையிலிருந்து இனிக் கசியப்போகும் செம்பு, அளவு மாறாமலே, முன்னைவிட வீரியத்தோடு வித்துகளைத் தொடும்.