கருவி காட்டும் எண்ணும் காவலர் கண்ணும்



ஒரு கட்டடத்தை எழுப்பிய கொத்தனார் வேலை முடிந்ததும் சென்றுவிடுகிறார். திறப்பு விழா நடத்திய பெரியவரும் சென்றுவிடுகிறார். அதன்பின் ஐம்பது ஆண்டுகள் அதனைக் காத்து நிற்பவர் யார்? வரலாற்று நூல்கள் அவரைப் பெரும்பாலும் குறிப்பதில்லை. அக்கட்டடப் பராமரிப்பாளரின் தொழில் வளர்ந்த வகையையும், இன்று அவருக்கு வேண்டிய அறிவையும் சிறிது ஆராய்வோம்.

இதன் புதுக்கால வரலாற்றில் ஒரு பள்ளிக்கும் பங்குண்டு. அமெரிக்காவில் வைட்வாட்டர் என்னும் ஊரில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. குளிர்காலத்தில் அப்பள்ளியின் காவலாள் ஒவ்வொரு வகுப்பாக நுழைந்து வெப்பநிலையைப் பார்த்துச் சென்று, உலையைச் சரிசெய்வார். பாடம் தடைப்படும். அங்கே பேராசிரியராயிருந்த வாரன் ஜான்சன், அறையின் வெப்பநிலை மாறினால் மணியடித்து அறிவிக்கும் மின்கருவியை அமைத்து, 1883இல் காப்புரிமை பெற்றார். காவலாளின் நடை குறைந்தது. மணியின் பொருளறிந்து செயற்படும் பொறுப்போ கூடிற்று. கருவி வந்தால் வேலையின் தன்மை மாறும் என்பதற்கு இது நல்ல சான்று.

இம்மாற்றத்தை நம் ஓசூரிலும் காணலாம். கர்நாடக எல்லையை அடுத்த இவ்வூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவாயிற்று. 1980இல் டி.வி.எஸ். மொபெட் இங்கிருந்து வெளிவந்தது. அசோக் லேலண்டின் ஆலையும் அக்காலத்தில் எழுந்தது. அப்பத்தாண்டிலேயே டைட்டன் கைக்கடிகாரங்களும் இங்கே செய்யப்பெறலாயின. அந்நாளைய பராமரிப்பாளர் மோட்டாரின் ஓசையைக் காதாற் கேட்டும், சூட்டைக் கையால் தொட்டும் பழுதறிந்தார். இன்றோ மின்சாரம், குளிர்காற்று, மின்தூக்கி, நீர், தீயெச்சரிக்கை ஆகியவற்றின் நிலையை உணர்கருவிகள் ஒரே கணினித் திரையில் காட்டுகின்றன.

அப்படியாயின் திரையைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தால் போதுமா? போபால் இதற்கு விடை கூறும். 1984 டிசம்பரில் நச்சுவாயு கசிந்தபோது, அவ்வாலையில் பாதுகாப்பு அமைப்புகள் இல்லாமலில்லை. ஆயினும் குளிரூட்டும் அமைப்பு முன்னரே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்தழிக்கும் கோபுரம் இணைப்பின்றிக் கிடந்தது. அளவுமானிகள் அடிக்கடி பிழைபட்டதால், அவை காட்டிய எண்களைத் தொழிலாளர் நம்பவில்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இதன் விளைவாக 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பெற்று, தம் பணியிடத்து அபாயங்களை அறியும் உரிமை தொழிலாளர்க்கு வழங்கப்பெற்றது.

கணினிக் காலத்தில் வேறொரு வாயிலும் திறந்தது. 2013இல் அமெரிக்காவின் டார்கெட் என்னும் கடை நிறுவனத்தில், குளிர்சாதன ஒப்பந்தக்காரருக்குத் தந்திருந்த கடவுச்சொல்லைக் களவாடி நுழைந்தோர், சுமார் நான்கு கோடி வங்கி அட்டைகளின் விவரங்களைக் கவர்ந்தனர். பழைய காவலர் கதவுக்குப் பூட்டிட்டார். புதிய காவலர் கணினி வலைக்கும் பூட்டிட வேண்டும்.

நம் பகுதியும் அபாயத்திற்கு அப்பாற்பட்டதன்று. 2024 செப்டம்பரில் ஓசூரை அடுத்த மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் தீப்பற்றி, உற்பத்தி நின்றது. ஓரிடத்தின் பாதுகாப்பு எத்தனை குடும்பங்களின் பிழைப்போடு பிணைந்தது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

ஆகவே இன்றைய பராமரிப்பாளருக்கு மூன்று தேர்ச்சிகள் வேண்டும். முதலாவது, இயந்திரத்தையும் மின்சாரத்தையும் கையால் அறிந்த அறிவு. இரண்டாவது, திரையிற் காணும் எண் மெய்யா பொய்யா என்று ஆராயும் திறன்; உணர்கருவியும் பழுதுறும் அல்லவா? மூன்றாவது, கணினி வலையைக் காக்கும் விழிப்பு. இவற்றோடு, கண்டதை அஞ்சாது மேலோரிடம் எடுத்துரைக்கும் நேர்மையும் வேண்டும்.

1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டம் ஐ.டி.ஐ.களின் வாயிலாக இளைஞர் பலரை உருவாக்கியுள்ளது. தமிழ்நாட்டின் 71 அரசு ஐ.டி.ஐ.களை இக்காலத் தொழில்நுட்பத்திற்கேற்ப மேம்படுத்த 2022இல் ஒப்பந்தம் செய்யப்பெற்றது. வாய்ப்பு உங்கள் ஊரை நாடி வருகின்றது. எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எண் பொய்த்தால் இயந்திரத்தின் அருகே எழுந்து சென்று பார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள்.