தண்ணீர் குடிக்கும் லென்ஸ்

அயோத்தியா மண்டபம் பக்கம் எங்கள் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து நின்றால், பேச்சு எப்படியும் கண்புரை ஆபரேஷனில் வந்து நிற்கும். "ஹைட்ரோபிலிக்கா, ஹைட்ரோபோபிக்கான்னு கேக்கறா சார், நமக்கென்ன தெரியும்?" என்பார் ஒருவர். முன்னது தண்ணீரை இழுக்கும் பிளாஸ்டிக், பின்னது தண்ணீரை ஒதுக்கும் பிளாஸ்டிக். விலைப் பட்டியலைப் பார்த்துத் தலையாட்டுவதற்கு முன் அந்த முதல் ஜாதியின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் மசூர் பருப்புக்கும் லென்ஸுக்கும் ஒரே சொல்தான்: லாந்தீய். வடிவத்தை வைத்து வந்த பெயர். பருப்பைப் போலவே ஊறி மெத்தென்று ஆகும் லென்ஸைப் பிற்பாடு செய்தவர் செக்கோஸ்லோவாகியாவின் ரசாயன விஞ்ஞானி ஓட்டோ விக்தர்லே.

1952-ல் ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் கண்ணுக்குள் உலோகம் பொருத்துவது பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தார். உலோகத்தைவிட, நீரைப் பிடித்துவைக்கும் பிளாஸ்டிக்தானே உடம்புக்கு ஒத்துப்போகும் என்று விக்தர்லேவுக்குத் தோன்றியது. லீம் என்ற சகாவுடன் அப்படி ஒரு கூழ்மத்தை உருவாக்கி, 1960-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். ஊறிய பிறகு அதன் எடையில் சுமார் 38 சதவீதம் தண்ணீர்.

அரசாங்கம் அந்த லென்ஸ் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டது. (கோப்பை மூடுவதில் எல்லா நாட்டு சர்க்காரும் ஒன்றுதான்.) மனுஷர் விடவில்லை. 1961 கிறிஸ்துமஸ் சமயம், பிள்ளைகளின் 'மெர்க்கூர்' விளையாட்டுச் சாமான்களையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து வீட்டிலேயே ஒரு யந்திரம் கட்டினார். சுழலும் அச்சில் திரவத்தை விட்டால் அதுவே லென்ஸாக உறையும். மனைவியும் கூட உழைக்க, அடுத்த நாலு மாதத்தில் 5,500 லென்ஸ்கள்! உரிமையை அரசு அமெரிக்கர்களுக்கு விற்றது. 1971-ல் அங்கே விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. விக்தர்லேவுக்குக் கிடைத்தது சொற்பம். போதாக்குறைக்கு, ஓர் அரசியல் அறிக்கையில் கையெழுத்திட்டதற்காக 1970-ல் இயக்குநர் பதவியும் போயிற்று.

அணிந்து கழற்றும் அந்த மெல்லிய லென்ஸில் ஒரு தொல்லை. கண்ணீரில் லைசோசைம் முதலான புரதங்கள் உண்டு. அவை லென்ஸில் படியும். தண்ணீர் அதிகம் பிடிக்கும் சில ரகங்களில் மின்னேற்றமும் இருப்பதால் இன்னும் அதிகமாக ஏறும். பார்வை மங்கும், கண் உறுத்தும். அதை நீக்க ஒரு காலத்தில் விற்ற மாத்திரையில் இருந்தது என்ன தெரியுமா? பப்பாளிக்காய்ப் பாலிலிருந்து எடுத்த என்சைம்! கறியை மிருதுவாக்கப் பப்பாளிக்காய் சேர்ப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் தனிக் கதை. 1949-ல் லண்டனில் ரிட்லி முதலில் வைத்தது தண்ணீரை அநேகமாக ஏற்காத கெட்டி பிளாஸ்டிக். நம் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த அரோலேப் 1992-ல் லென்ஸ் செய்யத் தொடங்கிய பிறகுதான் ஏழைக்கும் அது எட்டியது. மடித்துச் சிறிய துளை வழியே செலுத்தும் லென்ஸ்கள் பரவலானது பிற்பாடு. அவற்றில்தான் இந்த இரண்டு ஜாதி.

இங்கே கணக்கு தலைகீழ். தண்ணீரை ஒதுக்கும் ரகத்தில் ஒரு புரதம் நன்றாக ஒட்டிக்கொண்டு, லென்ஸைப் பின்பக்கத்துச் சவ்வோடு பிணைக்கிறது; அதனால் நடுவே செல்கள் நுழைந்து மறுபடி மங்குவது குறைகிறது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு காரணம். வெளியே தொல்லை தந்த ஒட்டல் உள்ளே உபகாரம்! தண்ணீர் ரகம் பெரும்பாலும் விலை குறைவு, மடிக்கவும் எளிது. ஆனால் சவ்வு மங்குவது சற்று அதிகம். மங்கினால் லேசர் போட்டுச் சரிசெய்துவிடலாம். அபூர்வமாக லென்ஸிலேயே சுண்ணாம்புச் சத்து படிவதும் உண்டு, அது லேசருக்கு மசியாது. சர்க்கரை உள்ளவர்கள், விழித்திரைக்கு வேறு ஆபரேஷன் தேவைப்படக்கூடியவர்கள் டாக்டரிடம் இதைக் கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.