புற்றுக் காளானும் பச்சைத்தூள் காளானும்

1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பேராக் மாநிலத்துப் பால்மரத் தோட்டங்களுக்கு அவையே முன்னோடி. அத்தோட்டங்களுக்கு வந்த தமிழர் மரஞ்சீவும் தொழிலைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. ஆயின், மழைக்குப்பின் புற்றோரத்தில் தலைகாட்டும் வெண்காளான் அவர்களுக்குப் பழைய உறவு.

காளானை நம் முன்னோர் ‘ஆம்பி’ என்றனர். குமணனை நாடிச் சென்ற பெருந்தலைச்சாத்தனார், சமையலை மறந்த தம் அடுப்பில் ஆம்பி பூத்ததாகப் புறநானூற்றில் கூறுகிறார். சிறுபாணாற்றுப்படையிலும் இச்சொல் உண்டு.

புற்றினுள் காளான் வளர்வதை மேலைநாட்டாருக்கு முதன்முதல் எழுத்தில் அறிவித்தவரும் தமிழ் மண்ணில் வாழ்ந்தவரே. லின்னேயசின் மாணாக்கரும் தரங்கம்பாடி மருத்துவருமான கோனிக், தஞ்சைப் பகுதிக் கறையான்களைப் பற்றி 1779இல் எழுதினார். 1847இல் பெர்க்லி என்னும் அறிஞர், இலங்கையில் கிடைத்த புற்றுக் காளான் ஒன்றுக்கு ‘நல்ல வேருடையது’ எனப் பொருள்படப் பெயரிட்டார். பொருத்தமான பெயரே, அதன் காம்பு வேர்போல் நீண்டு, நிலத்தடியிலுள்ள கறையான் கூட்டைத் தொட்டு நிற்கும். பேராதனையில் பணியாற்றிய பெட்ச் 1906இல் இதனை விரிவாக ஆய்ந்தார். 1942இல் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஈம் இவ்வினத்தைத் தனிப் பேரினமாக்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்து நடராஜன் 1979இல் தாம் விவரித்த புற்றுக் காளானுக்கு ஈமின் பெயரையே சூட்டினார்.

இனி மற்றொன்று. தோட்டங்கள் பல செம்பனைக்காடாகவும் குடியிருப்பாகவும் மாறிவிட்டன. வீட்டுமுன் புல்வெளியிலும் திடலிலும் குடைவிரிக்கும் பெரிய வெண்காளான்களுள் நச்சுக் காளானும் உண்டு. தென்னமெரிக்காவின் எசக்குவிபோ பகுதியிலிருந்து 1818இல் மேயர் இதனை விவரித்து, ஈயத்தின் பெயரைச் சூட்டினார். 1898இலோ, கியூ தோட்டத்து அறிஞர் மாசி இதனைப் புதியதெனக் கருதி, ‘உண்ணத்தக்கது’ என்னும் பொருளுள்ள பெயரைக் கொடுத்துவிட்டார்! தின்றவர் சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்குமாய்த் துன்புறுவர். இரண்டும் ஒன்றே எனத் தெளிந்தபின், முந்திய பெயருக்கே உரிமை என்னும் விதிப்படி மேயரின் பெயர் நிலைத்தது. பெயரைக் கண்டு குணத்தை நம்பலாகாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

இளமையில் இரண்டுக்கும் குடையடித் தகடுகள் வெண்மையாகவே இருக்கும். மயக்கம் அங்கேதான் பிறக்கிறது. முதிர்ந்த குடையைக் காம்பு நீக்கி, தகடுகள் கீழ்நோக்க வெள்ளைத்தாளில் கவிழ்த்து ஓரிரவு விட்டால் நுண்வித்துத் தூள் படியும். நஞ்சுடையது பசுந்தூள் உதிர்க்கும். காம்பில் வளையம் இருக்கும், நீண்ட வேர் இராது. புற்றுக் காளானின் தூளோ இளஞ்சிவப்பு. அதன் குடை நடுவே கூர்முனை ஒன்று உண்டு. ஆயினும் இளஞ்சிவப்புத் தூள் உதிர்க்கும் நச்சுக் காளான்களும் வேறு உள. ஆதலின் தூளைமட்டும் கண்டு அடுப்பேற்றுதல் ஆகாது. வேரோடு தோண்டிக் கறையான் கூடுவரை சென்று பார்த்தல் வேண்டும். அப்போதும் ஐயம் எஞ்சினால், உண்ணாது விடுவதே முறை.