வெயிலுக்கு ஒரு கண்மாய்

மழைத்தண்ணியை ஏன் கண்மாயில தேக்குறீங்கன்னு கான்சாபுரத்தில் கேட்டால் சிரிப்பார்கள். மழை சில வாரம்தான், நெல்லுக்கு மாசக்கணக்கில் தண்ணீர் வேண்டும். வெயிலுக்கும் அதே கணக்குதான்.

1944இல் பாபநாசம் மின்சாரம் தந்தபோது சேமிப்பு அணைக்குள்ளேயே இருந்தது. 1980களின் இறுதியில் வந்த காடம்பாறை ஒரு படி மேலே போனது. மிஞ்சிய மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே இறக்கி 400 மெகாவாட் வரை எடுக்கலாம். தண்ணீரே பேட்டரி.

நிஜ பேட்டரி நம் வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது 2008க்குப் பிறகான மின்வெட்டுக் காலத்தில், இன்வெர்ட்டரோடு. காசிருந்தவர் ஃபேனுக்குக் கீழே தூங்கினார். மற்றவர் விசிறிமட்டையோடு திண்ணைக்கு வந்தார். மோட்டார் போட ராத்திரி கரண்டுக்குக் காத்திருந்த விவசாயி பாம்புக்குப் பயந்து டார்ச்சோடு வரப்பில் நடந்தார்.

2016இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. பொழுது சாய்ந்தால் அதுவும் ஓய்ந்துவிடும். பகல் வெயிலை இரவுக்குத் தேக்க இனி பெரிய பேட்டரிகள் வேண்டும். அவை யாருக்கு என்பதுதான் கேள்வி.

கண்மாய் ஊருக்குப் பொது. மடை திறக்க முறை உண்டு. ஆளுக்கொரு போர் போட்டபிறகு கண்மாயைத் தூர்வார ஆளில்லாமல் போனது. வசதியுள்ளவர் தன் வெயிலைத் தானே தேக்கிக்கொண்டால், மின்சாரத்திலும் அதுவேதான் நடக்கும்.